ஒரு சங்கத்தில் மூன்று ரூட்டர்கள்: பிணையக் கோளாறுகளைக் கண்டறியும் முறை

தறியில் ஓடும் துணியில் ஒரு குறை தென்பட்டால், நெசவாளர் பாவு முழுவதையும் அறுத்தெறிந்துவிடுவதில்லை. குறை நீளவாக்கில் தொடர்கிறதா, குறுக்கே ஓரிடத்தில் மட்டும் நிற்கிறதா என்று முதலில் நோக்குகிறார். நீளவாக்கில் தொடர்ந்தால் பாவிழையையும் விழுதையும் அச்சையும் பார்க்கிறார். குறுக்கே வந்தால் ஊடையையும் நாடாவையும் பார்க்கிறார். குறை தெரியும் இடம் ஒன்று. காரணம் இருக்கும் இடம் வேறு. பயிர்த்தொழில் செய்வோரும் இவ்வாறே நடக்கின்றனர். கடைமடைக்கு நீர் வரவில்லையென்றால், ஏரியைப் பழிப்பதற்கு முன்னர்த் தம் வயலிலிருந்து வாய்க்காலோரமாக மேல்நோக்கி நடந்து பார்க்கின்றனர். இந்த இரு பழக்கங்களையும் உடையவர்களுக்கு இந்தப் பாடம் கடினமாக இராது.

நம் சங்கங்களின் கணக்கும், சரக்கிருப்பும், கூலிப் பட்டியலும், விற்பனைச் சீட்டும் இன்று பெரும்பாலும் கணினியின் வழியே நடைபெறுகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15ஆம் நாள். அதற்குப் பின் 27 ஆண்டுகளில் சங்கத்தின் பேரேடே இணையத்தை நம்பி நிற்கும் நிலை வந்துவிட்டது. ஆகவே இணைப்பு அறுந்தால் சங்கத்தின் அன்றாட வேலையும் அறுகிறது என்பதை அங்கத்தினர்கள் உணர வேண்டும்.

எடுத்துக்காட்டுச் சங்கம்

பாடத்தின் பொருட்டு ஒரு கற்பனைச் சங்கத்தை வைத்துக்கொள்வோம். அது திருவொற்றியூர்க் காலடிப்பேட்டையில் இருப்பதாகக் கொள்க. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. ‘காலட் பேட்டை’ என்பதே மக்கள் வாயில் ‘காலடிப்பேட்டை’ ஆயிற்று.

நம் சங்கத்தின் கட்டடத்தில் முன்புறம் விற்பனைக் கூடம். பின்புறம் சரக்குக் கிடங்கு. மாடியில் நிர்வாகக் குழுவின் கூட்ட அறை. இணையக் கம்பெனியார் முதலில் விற்பனைக் கூடத்தில் ஒரு ரூட்டரை வைத்துச் சென்றனர். கிடங்குக்கு வைஃபை எட்டவில்லை என்று அடுத்த ஆண்டு கடைத்தெருவில் இரண்டாவது ரூட்டரை வாங்கி, கேபிள் இழுத்து மாட்டினர். பின்னர் மாடிக்கு மூன்றாவது வந்தது. அதைக் கையில் கிடைத்த கேபிளில், கண்ணில் பட்ட துளையில் செருகினர். விளக்கு எரிந்தது, வேலை முடிந்ததென்று எண்ணினர்.

சில நாட்களில் மூன்று குறைகள் தலைகாட்டின.

முதலாவது: விற்பனைக் கூடத்துக் கணினிகள் முறை வைத்தாற்போல நின்று போயின. காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று. ‘இணைப்பு உண்டு, இணையம் இல்லை’ என்று திரை காட்டிற்று.

இரண்டாவது: கிடங்குக் கணினியிலிருந்து அலுவலகத்துப் பிரின்டருக்கு அச்சிட முடிந்தது, ஆனால் அலுவலகத்திலிருந்து கிடங்குக் கணினியின் சரக்கிருப்பைத் திறந்து பார்க்க முடியவில்லை.

மூன்றாவது: மாடியில் வைஃபைக் கோடுகள் முழுமையாக நின்றன, வேகம் மட்டும் ஆமை வேகமாக இருந்தது.

தீபாவளித் தள்ளுபடி விற்பனை நடக்கும் வாரத்தில் இக்குறைகள் நேர்ந்தால் விளைவு என்ன? சீட்டைக் கையால் எழுதுவர். கணினியில் பின்னர் ஏற்ற மறப்பர். சரக்கிருப்பும் விற்பனையும் ஒவ்வாமற் போகும். தணிக்கையில் அது குறிப்பாக வரும். கூலிப் பட்டியல் வங்கிக்குப் போவதும் தாமதப்படும். பழியோ கணினியின் முன் அமர்ந்திருக்கும் எழுத்தர் மேல் விழும். நான்காவது ரூட்டர் ஒன்று வாங்கலாம் என்று தீர்மானம் வந்தாலும் வியப்பதற்கில்லை. கோளாறோ, ரூட்டர் குறைவாக இருந்ததனால் வந்ததன்று. இருக்கும் மூன்றும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனி அதிகாரம் செலுத்தியதனால் வந்தது.

ரூட்டர் செய்யும் மூன்று வேலைகள்

கடையில் விற்கும் ரூட்டர் ஒரு பெட்டியாகத் தோன்றினும், அதனுள் மூன்று உத்தியோகஸ்தர்கள் இருக்கின்றனர் என்று கொள்வது நலம்.

முதல்வர் வாயிற்காப்போர். உள்ளேயுள்ள கணினிகளின் கோரிக்கைகளை வெளி உலகத்துக்குத் தம் பெயரால் அனுப்பி, வரும் விடைகளை உரியவரிடம் பிரித்துக் கொடுப்பார். இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர்.

இரண்டாமவர் டோக்கன் கொடுப்போர். உள்ளே வரும் ஒவ்வொரு கணினிக்கும் கைப்பேசிக்கும் ஒரு ஐ.பி. முகவரி எண்ணைத் தற்காலிகமாக அளித்து, ‘வெளியே போவதற்கு வாயில் இது’ என்றும் சொல்லி அனுப்புவார். இந்த ஏற்பாட்டை டி.எச்.சி.பி. என்பர்.

மூன்றாமவர் வைஃபையைப் பரப்புவோர். கம்பியின் வேலையைக் காற்றின் வழியே செய்வதொன்றே இவர் கடமை.

கிடங்குக்கும் மாடிக்கும் நமக்குத் தேவைப்பட்டது மூன்றாமவர் மட்டுமே. நாம் ரூட்டரை வாங்கியபோது வேண்டாத இருவரும் கூடவே வந்து வேலையைத் தொடங்கிவிட்டனர். இப்பாடத்தின் சாரம் இதுவேயாகும்: ஓர் அலுவலகத்துக்கு வைஃபை பரப்புவோர் பலர் இருக்கலாம், டோக்கன் கொடுப்போரும் வாயிற்காப்போரும் ஒருவரே இருத்தல் வேண்டும்.

முகவரிகளைப் பற்றிச் சிறிது

இணைய முகவரியின் பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்களே உண்டு. உலகின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. இந்நிலை வரும் என்று முன்பே உணர்ந்த வல்லுநர்கள், சில எண்களை ‘உள் உபயோகத்துக்கு மட்டும்’ என்று ஒதுக்கி வைத்தனர். 1996ஆம் ஆண்டு விதிப்படி, 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரையில் தொடங்குவனவும், 192.168 என்று தொடங்குவனவும் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை. ஒவ்வொரு தெருவிலும் 5ஆம் எண் வீடு இருப்பதுபோல, லட்சக்கணக்கான அலுவலகங்களில் 192.168.1.5 என்ற எண் இருக்கலாம். தெருக்கள் வேறாக இருக்கும் வரை குழப்பமில்லை. ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே எண் இட்டால் தபால்காரர் என் செய்வார்?

பெரும்பாலான ரூட்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண்ணைத் தமக்கு இட்டுக்கொண்டு வருகின்றன. சிறு அலுவலகங்களின் வழக்கமான அமைப்பில், முகவரியின் முதல் மூன்று பகுதிகள் ஒத்திருந்தால் அவை ஒரே தெரு. வேறுபட்டால் வேறு தெரு என்று நினைவிற் கொள்க.

குறைகளும் காரணங்களும்

1. இரண்டு டோக்கன் அதிகாரிகள்

1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. ஒற்றை ரயில் பாதைகளில் டோக்கன் பெற்ற வண்டியே அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாம் என்ற முறை பிற்காலத்தில் எங்கும் பரவிற்று. ஒரே பாதைக்கு இரண்டு அதிகாரிகள் தனித்தனியே டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம் சங்கத்தின் முதற் குறை இவ்வகையது. மாடி ரூட்டரின் உள்துளையும் விற்பனைக் கூடத்து ரூட்டரின் உள்துளையும் கேபிளால் இணைக்கப்பட்டிருந்தன. மாடி ரூட்டரும் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் எண்ணும் 192.168.1.1, முதல் ரூட்டரின் எண்ணும் 192.168.1.1. ஒரு கணினி ‘192.168.1.1 எங்கே?’ என்று கேட்டால் இரு பெட்டிகளும் ‘நானே’ என்றன. மாடி ரூட்டரின் குரலை நம்பிய கணினிக்கு இணையம் இல்லை. ஏனெனில் அதன் வெளித்துளையில் எந்தக் கேபிளும் இல்லை. எந்தக் கணினி எப்போது யாரை நம்பும் என்பது நிச்சயமில்லாததால்தான் குறை இடம் மாறி இடம் மாறித் தோன்றிற்று. இடம் மாறும் குறையைக் கண்டால் முதலில் இதனையே ஐயுற வேண்டும்.

2. இரட்டை வாயில்

கிடங்கு ரூட்டரின் வெளித்துளை, முதல் ரூட்டரின் உள்துளையோடு சேர்க்கப்பட்டிருந்தது. இதனால் கிடங்கு தனித் தெருவாயிற்று. அதன் எண்கள் 192.168.0 என்று தொடங்கின. கிடங்கிலிருந்து கிளம்பும் கோரிக்கை இரண்டாம் வாயிலைக் கடந்து அலுவலகத் தெருவுக்கு வரும். அங்கேயுள்ள பிரின்டரின் எண்ணைக் குறிப்பிட்டால் அதனை அடையும். எதிர்த்திசையிலோ வழியில்லை. உள்ளிருந்து யாரும் கேட்காத ஒன்றை வாயிற்காப்போர் உள்ளே விடார். கிடங்கிலிருந்து அலுவலகம் தெரியும்; அலுவலகத்திலிருந்து கிடங்கு தெரியாது. ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் இணைப்பு, இரட்டை வாயிலின் அடையாளம்.

இரட்டை வாயில் எப்போதும் குற்றமென்று கொள்ளற்க. வருவோர் போவோருக்கு வெளிப்புற ரூட்டரின் வைஃபையை அளித்து, கணக்குக் கணினிகளை உட்புற ரூட்டரின் பின்னே வைத்தால், விருந்தினரின் கைப்பேசி கணக்கறைக்குள் எளிதில் எட்டிப்பார்க்க இயலாது. அறிந்து வைத்தால் அது மதில். அறியாமல் வைத்தால் இடையூறு.

3. இருபுறமும் ஒரே எண்

இரட்டை வாயில் அமைப்பில், உட்புற ரூட்டரின் இருபக்கமும் 192.168.1 என்றே தொடங்கினால், அதற்கு எது உள், எது வெளி என்று விளங்காது, போக்குவரவு நின்றுவிடும். சில புதிய ரூட்டர்கள் இதனைத் தாமே உணர்ந்து தம் எண்ணை மாற்றிக்கொள்கின்றன. எல்லாம் அவ்வாறு செய்வதில்லை.

4. வட்டமிடும் கேபிள்

தரையில் கிடக்கும் கேபிள் நுனியைக் கண்டு, ‘இது கழன்றுவிட்டது போலும்’ என்று யாரேனும் ஸ்விட்சின் காலித் துளையில் செருகிவிடுவது உண்டு. மறுநுனி அதே ஸ்விட்சில் இருந்தால் வட்டம் உண்டாகிறது. எல்லாருக்கும் பொதுவாக அனுப்பப்படும் செய்திகள் அவ்வட்டத்தில் முடிவின்றிச் சுழன்று பெருகும். எல்லா விளக்குகளும் ஒரே சமயத்தில் வெறிகொண்டு மின்னும். அலுவலகம் முழுவதும் ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். இதனைத் தடுக்கும் முறையை 1985இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் வகுத்தார். பெரிய ஸ்விட்சுகளில் அது உண்டு. விலை மலிந்தவற்றில் பெரும்பாலும் இல்லை. பரிகாரம் எளிது: கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதைக் கழற்றியதும் அமைதி திரும்புகிறதோ அதுவே குற்றவாளி.

5. காற்றில் நெரிசல்

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றோடொன்று உரசாத வழிகள் மூன்றே: 1, 6, 11. ஒரே கட்டடத்தின் மூன்று ரூட்டர்களும் 6ஆம் வழியிலேயே பேசினால், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். கோடு முழுமையாக இருந்தும் வேகம் குறைவதற்கு இது முக்கிய காரணம். கோடு என்பது அலையின் பலத்தைக் காட்டுவது. வழியில் உள்ள நெரிசலைக் காட்டுவதன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இடம் மிகுதி, வேகமும் மிகுதி. ஆனால் சுவரைத் துளைக்கும் ஆற்றல் குறைவு. இரும்புக் கதவும், இரும்பு அலமாரியும், தகரக் கூரையும் இரு வரிசைகளுக்குமே பகை. ஆகவே ரூட்டரை இரும்பு அலமாரியின் மேல் வைத்துப் பூட்டுவது தகாது.

கேபிளின்றி வைஃபையை வாங்கி வைஃபையாகவே திருப்பி அனுப்பும் சிறு கருவிகள் பலவற்றில், வாங்குவதும் கொடுப்பதும் ஒரே வழியில் நடப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். கேபிள் இழுக்க இயலும் இடத்தில் கேபிளே சிறந்தது.

6. உப்புக்காற்றும் மின்சாரமும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையில் கடலை அடுத்துள்ள நம் பகுதிக்கு உரிய குறை ஒன்று உண்டு. கடற்காற்றின் உப்பும் ஈரமும், லாரிப் போக்குவரவின் தூசும் கேபிள் முனையின் மெல்லிய உலோகத் தகடுகளில் படிந்து அரிக்கின்றன. இணைப்பு முற்றிலும் அறுவதில்லை. விட்டு விட்டு வருகிறது. முனையைக் கழற்றி மீண்டும் செருகினால் சரியாகி, மறுவாரம் திரும்பக் கெட்டால், முனையையே மாற்றுக. உபயோகிக்காத துளைகளை மூடி வைக்க.

செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை. அதற்கு மேல் இடையில் ஒரு ஸ்விட்ச் வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் செம்புக் கேபிள் இழுத்தால் இடி மின்னலின்போது இருபுறக் கருவிகளுக்கும் ஆபத்து. அங்கே ஒளியிழைக் கேபிள் உத்தமம்.

அடாப்டர்களை மாற்றிச் செருகுவதும் அடிக்கடி நேரும் பிழை. ஒன்று 9 வோல்ட், மற்றொன்று 12 வோல்ட் என்றிருக்கலாம். முனை மட்டும் ஒத்திருக்கும். 12 வோல்ட் வேண்டிய பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு எரிந்தும் பெட்டி தானே அணைந்து அணைந்து எழும். அடாப்டரிலும் ரூட்டரிலும் ஒரே அடையாளச் சீட்டை ஒட்டி வைத்தல் நன்று.

கண்டறியும் வரிசை

கோளாறு நேர்ந்தவுடன் எல்லாவற்றையும் அணைத்து எழுப்புவது பலரது வழக்கம். அதனால் குறை சிறிது நேரம் மறையலாம், காரணம் மறைவதில்லை, தடயம் மட்டும் அழிந்துவிடும். பின்வரும் வரிசையைக் கடைப்பிடிக்க.

முதற்படி: விளக்குகளைக் காண்க. ஒளியிழை வந்து சேரும் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை. கம்பெனிக்குத் தெரிவிப்பதைத் தவிர நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இவ்வகைப் பழுதுதான் எங்கும் நேர்ந்தது. சிவப்பு இல்லையென்றால் உள்ளே தேடுக.

இரண்டாம்படி: எத்தனை பேருக்குக் குறை என்று கேட்க. ஒரே கணினிக்கா, ஒரே அறைக்கா, எல்லாருக்குமா? ஒரு கணினி மட்டும் என்றால் அதன் கேபிளும் முகவரியும். ஓர் அறை மட்டும் என்றால் அவ்வறையின் ரூட்டர். எல்லாரும் என்றால் முதல் ரூட்டர், அல்லது வட்டமிடும் கேபிள்.

மூன்றாம்படி: கணினியின் முகவரியைக் காண்க. விண்டோஸ் கணினியின் கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் அதன் எண்ணும், வாயிலின் எண்ணும் தெரியும். 169.254 என்று தொடங்கினால் யாரும் டோக்கன் கொடுக்கவில்லை. கணினி தானே ஓர் எண்ணை இட்டுக்கொண்டுவிட்டது. எண் அலுவலகத் தெருவினதாக இல்லாமல் வேறு தெருவினதாக இருந்தால், வேறு யாரோ டோக்கன் கொடுக்கிறார்.

நான்காம்படி: ‘பிங்’ என்ற கட்டளையால் படிப்படியாகத் தட்டிப் பார்க்க. முதலில் வாயிலின் எண்ணை. விடை வாராவிடில் குறை கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ளது. விடை வந்தால் வெளியேயுள்ள 8.8.8.8 என்ற எண்ணை. இங்கே விடை வாராவிடில் குறை ரூட்டருக்கு அப்பால். இதற்கும் விடை வந்தால் ஒரு வலைத்தளத்தின் பெயரைத் தட்டுக. எண்ணுக்கு விடை வந்து, பெயர் மட்டும் இன்னதென்று விளங்கவில்லை எனத் திரை சொன்னால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். ஏற்பாட்டில் குறை. கேபிளையும் ரூட்டரையும் அப்போது நோக வேண்டா.

ஐந்தாம்படி: ‘டிரேஸர்ட்’ என்ற கட்டளையோடு 8.8.8.8 என்ற எண்ணைக் கொடுத்தால், வழியில் உள்ள வாயில்கள் வரிசையாகத் தோன்றும். முதலிரண்டும் 192.168 என்று தொடங்கினால் நம் கட்டடத்துக்குள்ளேயே இரட்டை வாயில் இருக்கிறது. இரண்டாவது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் அது கம்பெனியாரின் வாயில், நம் குற்றமன்று.

ஆறாம்படி: இடம் மாறும் குறையாயின், ஐயத்துக்குரிய ரூட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பார்க்க. ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்க. செய்ததை நேரத்தோடு எழுதி வைக்க. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால் எது நோய் தீர்த்ததென்று அறிய இயலாது.

சீர்செய்யும் முறை

நம் சங்கத்தின் மாடி ரூட்டரையும் கிடங்கு ரூட்டரையும் வைஃபை பரப்பும் பெட்டிகளாக மட்டும் ஆக்குவோம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்ற நிலை இருந்தால் அதனைத் தேர்ந்து, அதன் குறிப்பேட்டில் சொன்ன துளையில் கேபிளைச் செருகினாற் போதும். அந்நிலை இல்லாத பழைய ரூட்டருக்கு வரிசை பின்வருமாறு:

(1) ரூட்டரைப் பிணையத்திலிருந்து கழற்றி, ஒரே ஒரு கணினியோடு கேபிளால் இணைக்க.

(2) அமைப்புப் பக்கத்தில் வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் முதல் ரூட்டரில் உள்ளவாறே இடுக. அப்போது கைப்பேசி அறை மாறும்போது தானே மாறிக்கொள்ளும். வழியை மட்டும் வேறாக்குக: கூடத்துக்கு 1, கிடங்குக்கு 6, மாடிக்கு 11.

(3) ரூட்டரின் சொந்த எண்ணை மாற்றுக. முதல் ரூட்டர் 192.168.1.1 ஆகில், கிடங்குக்கு 192.168.1.2, மாடிக்கு 192.168.1.3. முதல் ரூட்டர் டோக்கனாகக் கொடுக்கும் எண்கள் 100 முதல் 199 வரை என்று வரையறுத்துவிட்டால் இவை அவற்றோடு மோதா. பிரின்டருக்கும் அவ்வாறே 192.168.1.50 என நிலையான எண் ஒன்றை ஒதுக்குக.

(4) எண்ணை மாற்றியதும் பக்கம் மறையும்; கணினி புதிய டோக்கன் பெற்றதும் புதிய எண்ணில் மீண்டும் திறக்க. இப்போது டி.எச்.சி.பி.யை நிறுத்துக. இதனை முன்னரே நிறுத்தினால் கணினிக்கு டோக்கன் கிடைக்காமல் அமைப்புப் பக்கத்தை அடைவதே கடினமாகிவிடும். ஆகவே இது இறுதியில் செய்யத்தக்கது.

(5) முதல் ரூட்டரின் உள்துளையிலிருந்து வரும் கேபிளை இந்த ரூட்டரின் உள்துளையில் செருகுக. வெளித்துளை காலியாகவே இருக்கட்டும். அதில் யாரும் செருகாதபடி ஒரு சீட்டை ஒட்டுக.

இதன்பின் எல்லாக் கணினிகளும் ஒரே தெருவில் நிற்கும். அலுவலகத்திலிருந்து கிடங்கின் சரக்கிருப்பு திறக்கும். டோக்கன் கொடுப்போர் ஒருவராதலால் விற்பனைக் கூடத்தில் குழப்பமிராது. மூன்று வழிகளில் பேசுவதால் மாடியில் வேகம் கூடும்.

ஓர் எச்சரிக்கை: ரூட்டரின் பின்புறம் ஊசியால் அழுத்தும் சிறு துளை ஒன்றுண்டு. பத்து விநாடி அழுத்தினால் அமைப்பு முழுவதும் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். முதல் ரூட்டரில் கம்பெனியார் அளித்த உபயோகிப்போர் பெயரும் கடவுச்சொல்லும் பதிந்திருக்கக்கூடும். அவற்றைக் குறித்து வைக்காமல் அத்துளையை அழுத்துவது, சாவி இல்லாமல் கதவைச் சாத்துவதற்கு ஒப்பாகும்.

பிணையப் பதிவேடு

சங்கத்தில் ரொக்கப் பதிவேடு இருப்பதுபோல் பிணையப் பதிவேடு ஒன்றும் இருத்தல் வேண்டும். 40 பக்க நோட்டுப் புத்தகம் போதும். முதற் பக்கத்தில் கட்டடத்தின் படம்: எந்த அறையில் எந்தப் பெட்டி, எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே. அடுத்த பக்கத்தில் ஒவ்வொரு பெட்டியின் எண், வாங்கிய தேதி, அடாப்டர் வோல்ட். பின்னர்க் கோளாறுகளின் நாட்குறிப்பு. கடவுச்சொற்களை மட்டும் இதில் எழுதாமல், முத்திரையிட்ட உறையில் காரியதரிசியின் பெட்டகத்தில் வைக்க. தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. அங்கத்தினர்களின் வங்கிக் கணக்கு விவரம் உள்ள இடத்துக்கு ஊரறிந்த பூட்டைப் போடலாகாது.

இப்பதிவேட்டினால் வரும் பெரும் பயன் பணத்தைச் சார்ந்ததன்று. கோளாறு நேரும்போது ‘யார் கெடுத்தார்’ என்ற கேள்விக்குப் பதிலாக ‘எது மாறிற்று’ என்ற கேள்வி எழும். எழுத்தர் மேல் வீண்பழி விழாது. பழுது பார்க்க வருபவர் சொல்வதை நிர்வாகக் குழு அப்படியே நம்ப வேண்டியதும் இல்லை. வேண்டாத கருவியை வாங்க வேண்டியதும் இல்லை. அவர் செய்த மாற்றத்தை அவர் கையாலேயே பதிவேட்டில் எழுதச் சொல்லலாம்.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர் 28 பேர் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினர். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கும் வழக்கத்தைப் பின்னர் அவர்கள் மேற்கொண்டனர். தம் பொருளைத் தாமே நிர்வகிக்க விரும்புவோர் அதன் கருவிகளைத் தாமே அறிந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. அன்று அக்கருவிகள் தராசும் பேரேடுமாக இருந்தன. இன்று அவற்றோடு ரூட்டரும் சேர்ந்திருக்கிறது.

படிப்பு வட்டத்துக்கான வினாக்கள்

1. நும் சங்க அலுவலகத்தில் டோக்கன் கொடுக்கும் ரூட்டர்கள் எத்தனை? ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையால் ஒவ்வோர் அறையிலும் சோதித்து எழுதுக.

2. வாயிலின் எண்ணுக்கும் 8.8.8.8க்கும் விடை வருகிறது. வலைத்தளப் பெயர் மட்டும் விளங்கவில்லை. குறை எங்கே?

3. கிடங்கிலிருந்து அலுவலகம் தெரிகிறது. அலுவலகத்திலிருந்து கிடங்கு தெரியவில்லை. காரணம் கூறுக.

4. பழைய ரூட்டரை வைஃபை பரப்பும் பெட்டியாக மாற்றும்போது டி.எச்.சி.பி.யை இறுதியில் நிறுத்துவது ஏன்?

5. நும் அலுவலகத்தின் பிணையப் படத்தை வரைந்து, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் வைக்க.